விரல் மண்டோர்

மேலத்தோட்டத்து டிரைவர் நல்லசாமிக்குக் கீழத்தோட்டத்து டிரைவர் அர்ச்சுனன்மேல் பொறாமை ஏதும் கிடையாது. இதை அவனே கள்ளுக்கடையிலும் கோயில் வாசலிலும் ரப்பர்ப் பால் கொட்டகை ஓரத்திலும் பலபேரிடம் சொல்லியிருக்கிறான். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறான். அர்ச்சுனன் அவனுடைய தங்கை பஞ்சாலையைக் கல்யாணம் கட்டியவன். தங்கை நன்றாக இருக்கவேண்டும் என்பது எந்த அண்ணனுக்கும் உள்ள ஆசைதான். ஆனால் தங்கை நன்றாக இருக்கும்போது அவள் புருஷனும் கூடவே நன்றாக இருந்து தொலைக்கிறானே, அந்த இரண்டையும் பிரித்தெடுக்க வழி தெரியாமல்தான் நல்லசாமி தவித்தான்.

கோலா சாவாவைத் தாண்டி உள்ளே போனால் இரண்டு தோட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். நடுவில் ஓர் ஓடை. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே, சிரம்பானில் ஆபீஸ் வைத்திருக்கும் நாகநாதன். வியாபாரக் குடும்பம். ஒரு பொருளின் விலையைக் கேட்டவுடன் மூர்ச்சையாகிக் காட்டுவது அந்த வீட்டில் குழந்தைகளுக்கே சொல்லித்தரப்படும் கலை. அந்தக் கலையைக் கோலாலம்பூரில் ஒரு கார்க் கடையில் காட்டியதன் பயனாக, எண்பத்தொன்பதாம் வருஷம் முதலாளிக்கு ஒரு வண்டியின் விலையில் இரண்டு வண்டிகள் கிடைத்தன. கடைக்காரர் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இரண்டாவதையும் தள்ளிவிட்டார் என்று முதலாளி கேட்கவில்லை. மலிவாக வந்த பொருளிடம் குலம் கோத்திரம் விசாரிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

இரண்டில் ஒன்று கீழத்தோட்டத்துக்கு வந்தது. மற்றது சிரம்பான் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தது. அது எதற்காகக் காத்திருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வண்டி வந்த அன்றைக்குக் காலையில், பெரட்டுக் களத்தில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு முடித்த கையோடு விழா நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். கம்பெனியின் நவீனமயப் பிரிவு அதிகாரி விசுவநாதன் பேச எழுந்தார். அவர் பாதிப் படிப்பை மெட்ராஸிலும் மீதியை லண்டனிலும் படித்து, இரண்டு பாதிகளையும் அந்தந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்.

"அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே!" என்றார். "இந்த வண்டியில் ஒரு திருகு கிடையாது. ஒரு குமிழ் கிடையாது. இழுக்க ஒன்றும் இல்லை, அமுக்க ஒன்றும் இல்லை. இத்தனை காலமாகத் திருகித் திருகி என்ன சுகத்தைக் கண்டீர்கள்? இனிமேல் தொட்டால் போதும்!"

கை தட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அர்ச்சுனன் மாப்பிள்ளை மாதிரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். பஞ்சாலை கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நல்லசாமி ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தான். ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில், பித்தான்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை இருந்தது. அர்ச்சுனன் அதைத் தொட்டதும் பச்சைப் பச்சையாகப் படங்கள் எரிந்தன. ஒன்று விசிறி மாதிரி இருந்தது. ஒன்று மீன் முள் மாதிரி இருந்தது. இன்னொன்றில் நாற்காலியில் இருப்பவனை யாரோ பின்னாலிருந்து மயிரைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

"ஆரன் எங்க மாப்பிள்ள?"

"உள்ள இருக்கு மச்சான்."

"உள்ளன்னா?"

"மூணாவது பக்கத்துல."

"காடியில என்னய்யா பக்கம்? பஞ்சாங்கமா இது?"

அர்ச்சுனன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. இரக்கமான சிரிப்பு. "லேண்ட்ரோவர் ஓட்றவங்களுக்குச் சொன்னாப் புரியாது லா, மச்சான்."

கெட்ட சிரிப்பாக இருந்தால் நல்லசாமி அங்கேயே மறந்திருப்பான்.

வீட்டுக்கு வந்தால் மனைவி ராக்கம்மா அதைவிடச் சூடான சங்கதியோடு காத்திருந்தாள். இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்துத் தலைமை டிரைவர் என்று ஒரு வேலை போடப்போகிறார்களாம். அதோடு, பஸ் போகும் தார்ச் சடக்கு ஓரத்தில், ஆபீஸ் கணக்கெழுதிய பழைய சின்னக் கிராணி இருந்த கல்வீட்டையும் கொடுக்கப்போகிறார்களாம். வீட்டுக்குள்ளேயே பைப்பு. வீட்டுக்குள்ளேயே கக்கூஸ்.

"யாருக்காம்?"

"புதுக் காடிய எவன் நல்லா ஓட்றானோ அவனுக்காம். புதுக் காடி யாருகிட்ட இருக்கு? நம்மகிட்ட இருக்கறது கயித்துல கதவு கட்டின லேண்ட்ரோவரு."

நல்லசாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"இங்க பாருங்க. அந்த வீட்டுக்குப் பஞ்சாலை போனா, நான் பஸ்ஸு ஏறணும்னா அவ வாசலத் தாண்டித்தான் போகணும். நான் வேர்த்து விறுவிறுத்துப் போறப்ப, 'வாங்க அண்ணி, உள்ள வந்து காத்தாடிக்குக் கீழ உக்காருங்க'ம்பா. அன்பாத்தான் சொல்லுவா. அந்த அன்ப என்னால தாங்க முடியாதுங்க. சொல்லிட்டேன்."

மறுநாள் லேண்ட்ரோவரில் தோட்டத்தைச் சுற்றிவரும்போது நல்லசாமி தன் துரையிடம் பேச்சுக் கொடுத்தான். மேலத்தோட்டத்து மானேஜர் திருநாவுக்கரசு சாதுவான மனிதர். அவருக்கும் கீழத்தோட்டத்து மானேஜர்மேல் பொறாமை ஏதும் கிடையாது.

"தொரை, கீழத்தோட்டத்துத் தொரை காடியில கதவு தொறந்திருந்தா ஒரு பொம்பள இங்கிலீசுல சொல்லுதாம் தொரை."

"என்ன சொல்லுது?"

"கதவு தொறந்திருக்குன்னு."

துரை பக்கத்துக் கதவு கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்தது. "ரொம்ப மரியாதையாச் சொல்லுதோ?" என்று கேட்டார்.

"அத அந்தத் தொரைகிட்டதான் தொரை கேக்கணும். பொழுதுக்கும் கேட்டுட்டு இருக்கவரு."

துரை அன்றே சிரம்பானுக்கு போன் செய்தார். அடுத்த நாளே தார்ப்பாய் விலகியது.

மேலத்தோட்டத்து விழாவில் விசுவநாதன் மனம் திறந்து பேசினார். தம்மைத் தாமே பாராட்டிக்கொள்ளும்போது அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது.

"நிர்வாகத் தந்திரம் ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். எந்தப் பொருளையும் ஒரு தோட்டத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது எங்கள் கொள்கை. பொருள் நல்லதா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே பொருள் நல்லதாக இருக்கவேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை! அந்த வகையில் கம்பெனிக்குக் கிடைத்த மிச்சம் கொஞ்சமல்ல."

பெருமக்கள் பலத்த கரகோஷம் செய்தார்கள். நல்லசாமியும் தட்டினான். அவன் காதில் எதுவும் விழவில்லை. கூட்டத்தில் அர்ச்சுனன் முகம் எப்படி இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். அர்ச்சுனன் சிரித்துக்கொண்டு நின்றான். ஏனோ அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது. அதுவும் நல்லசாமிக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள், துரையை முன்னால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நல்லசாமி கிளம்பினான். ரப்பர் மரங்கள் நின்ற கித்தாக் காட்டுக்குள் செம்மண் பாதை. வளைவில் ஒரு மாடு குறுக்கே நின்றது. நல்லசாமி ஆரனைத் தேடிக் கண்ணாடியைத் தொட்டான். விசிறிப் படம் வந்தது. மறுபடி தொட்டான். மீன் முள் வந்தது. மூன்றாவது தொடலில் உள்ளே ஏதோ முனகியது. துரை மெல்லமெல்லப் பின்னால் சாயத் தொடங்கினார். நாற்காலி நின்றபோது துரை படுத்திருந்தார்.

"நல்லசாமி, எனக்கு ஏன் கூரை தெரியுது?"

"ஆரன் தேடுறேன் தொரை."

"கெடச்சுதா?"

"உங்க முதுகுதான் தொரை கெடச்சிருக்கு."

மாடு இருவரையும் பார்த்துவிட்டுத் தன் யோசனையில் விலகிப் போனது. துரை ஆபீஸ் வாசல் வரைக்கும் படுத்தபடியே வந்தார். வழியில் பால் வாளியோடு நின்ற பெண்கள் துரைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, தலைத்துணியை எடுத்துவிட்டு நின்றார்கள்.

சேதி கேட்டு விசுவநாதன் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். நல்லசாமியின் வலதுகையைப் பிடித்து, மோதிர வியாபாரி மாதிரி ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டியில் கோளாறு இல்லை. விரலில் கோளாறு" என்றார். "கித்தாப் பால் பட்ட விரல் இது. கண்ணாடிக்கு இதை அடையாளம் தெரியாது."

"நான் பால் வெட்டுறதில்லயே சார். டிரைவருதானே."

"உங்க அப்பா?"

"அவரு வெட்டினாரு சார்."

"அதுதான்" என்றார் விசுவநாதன்.

தோட்டத்தில் ஒரு வேலை நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அதை மேற்பார்க்க ஒரு மண்டோரைப் போடுவார்கள். புல் மண்டினால் புல்லு மண்டோர். புல் இன்னும் மண்டினால் புல்லு மண்டோருக்குமேல் ஒரு பெரிய மண்டோர். நூறு வருஷப் பழக்கம். இப்போதும் அதுவே நடந்தது. கண்ணாடியைத் தொடுவதற்கென்று ஒரு விரல் மண்டோர் நியமிக்கப்பட்டான்.

தோட்டத்திலேயே பால் படாத, காய்ந்த விரல் யாருடையது என்று தேடிப் பார்த்து, மாரியம்மன் கோயிலில் திருநீறு கொடுக்கும் மாயாண்டியைப் பிடித்து வந்தார்கள். அவனுடைய விரல் நாள் முழுக்கச் சாம்பலில் கிடந்து சருகுபோல் காய்ந்திருந்தது. தினமும் காலையில் பெரட்டு முடிந்ததும் தனியாக விரல் பெரட்டு ஒன்று நடந்தது. நல்லசாமியும் மாயாண்டியும் கையை நீட்டிக்கொண்டு நிற்க, கிராணி விரல்களைத் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று உரக்கச் சொல்லுவார்.

சட்டம் கறாரானது. டிரைவர் கண்ணாடியைத் தொடக்கூடாது. கேட்க மட்டும் செய்யலாம்.

"மண்டோர், ஆரன்!"

"ஆரன்!" என்று மாயாண்டி திருப்பிச் சொல்லுவான். பிறகு கண்ணை மூடி, அம்மனை நினைத்து, மூன்று விரலால் தொடுவான். திருநீறு கொடுத்துப் பழகிய கை. இரண்டு நாளில் கண்ணாடிக்கு நெற்றி நிறையப் பட்டை விழுந்தது. படங்கள் பட்டைக்கு உள்ளேயிருந்து பக்தியோடு மினுங்கின. அதற்குள் வண்டி ஆரன் வேண்டியிருந்த இடத்தைத் தாண்டி அரைக்கட்டை தூரம் போயிருக்கும்.

"வந்திரிச்சு அண்ணே!" என்பான் மாயாண்டி. ஆளே இல்லாத காட்டில் ஆரன் அலறும்.

இதற்கும் நவீனமயப் பிரிவு தீர்வு கண்டது. வண்டிக்கு முன்னால் ஒருவன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போகவேண்டும். சைக்கிள் மணியில் பக்கம் கிடையாது, கட்டைவிரலை வைத்தால் அடிக்கும். "வண்டிக்கு வெளியே பொருத்தப்பட்ட ஆரன்" என்று விசுவநாதன் இதற்குப் பெயர் வைத்தார். வெயிலில் கண்ணாடிப் படம் தெரியவில்லை என்று, பின் இருக்கையிலிருந்து எட்டிக் கறுப்புக் குடை பிடிக்க ஓர் ஆள் வந்தான். குடை விரித்த பிறகு வண்டியில் துரைக்கு இடமில்லை. துரை பின்னால் மோட்டார் சைக்கிளில் புழுதியைத் தின்றுகொண்டு வந்தார். வண்டி தம்முடையது என்ற பெருமை அவர் முகத்தில் புழுதியைத் தாண்டியும் தெரிந்தது.

இவ்வளவையும் நல்லசாமி தாங்கிக்கொண்டான். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. கீழத்தோட்டத்தில் விரல் மண்டோர் இல்லை. குடை இல்லை, சைக்கிள் இல்லை. அர்ச்சுனன் தன்னந்தனியாக ஓட்டினான்.

"ஒனக்கு ஆரன் வருதா மாப்பிள்ள?" என்று கள்ளுக்கடையில் கேட்டான்.

"வருமே மச்சான்."

"வைப்பரு?"

"தொட்டா வரும். ஏன், ஒங்களுக்கு வர்லயா?"

"எனக்கு வராம? தொடறதுக்கு முந்தியே வரும்."

அர்ச்சுனன் கோப்பையைப் பிடித்திருந்த விரல்களை நல்லசாமி பார்த்தான். சாதாரண விரல்கள். நகத்தில் அழுக்கு. அவன் அப்பனும் பால் வெட்டியவன்தான். அதே கண்ணாடி, அதே படம், அவனுக்கு மட்டும் எப்படி? கடவுள் சில பேருக்கு விரலிலேயே அதிர்ஷ்டத்தை வைத்துப் படைக்கிறார் என்று முடிவுக்கு வந்தான். வீட்டில் ராக்கம்மா பித்தளைக் குடத்துக்குப் போடுகிற புளியைப் போட்டு அவன் விரல்களைத் தேய்த்தாள். தோல் உரிந்தது. அதிர்ஷ்டம் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம், நல்லசாமி சைக்கிளில் ரந்தாவ் கடைக்குப் போய்த் திரும்பும்போது, ஓடைப் பாலத்துக்கு அப்பால் கீழத்தோட்டத்து வண்டி நிற்பதைப் பார்த்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் நாலு கண்ணாடியும் கீழே இறங்கிக் கிடந்தன. உள்ளே ரேடியோ அலறியது. அர்ச்சுனன் சட்டையைக் கழற்றி, அதைக்கொண்டு முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தான். வண்டி பத்தடி நகர்ந்தது. நின்றது. இறங்கினான், துடைத்தான், ஏறினான். கண்ணாடிப் பலகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கதவு திறந்திருப்பதாக அந்தப் பெண் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நல்லசாமி ஒரு கித்தா மரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். நனைவது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான்.

"என்னங்க, சிரிக்கிறீங்க?"

"அவனுக்கும் வர்ல புள்ள. ஒண்ணுமே வர்ல. அம்மணமா நின்னு தொடைக்கிறான்."

ராக்கம்மாவுக்கும் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "அப்ப தொரைகிட்டச் சொல்லிட வேண்டியதுதானே? ரெண்டு காடியும் ஒதவாதுன்னு."

"சொன்னா ரெண்டும் போயிரும்."

"போவட்டுமே."

"காடி போனாத் தலைமை டிரைவரு எதுக்கு? தலைமை டிரைவரு இல்லன்னா கல்வீடு எதுக்கு?"

ராக்கம்மா யோசித்தாள். "சொல்லாதீங்க" என்றாள்.

முதலாளி நாகநாதன் நேரில் வந்து தலைமை டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பெரட்டுக் களத்தில் இரண்டு தோட்டத்து ஆட்களும் கூடியிருந்தார்கள். அர்ச்சுனன் நல்லசாமியைப் பால் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், ஒங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். எனக்கு ஆரன் வர்ல. ஒருநாளும் வந்ததில்ல. வெக்கத்துல மறச்சேன்."

"அப்படியா மாப்பிள்ள!" என்றான் நல்லசாமி.

"நேத்துக் காலையில பால் வாளியோட ஒரு பொம்பள குறுக்க வந்துட்டா. கண்ணாடியத் தடவுறேன், தடவுறேன், பாட்டுதான் வருது. நூலுல தப்பிச்சா மச்சான். ராத்திரி சோறு எறங்கல. முதலாளி குறை உண்டான்னு கேப்பாராம். நான் ஒருத்தன் சொன்னா நம்ப மாட்டாங்க. ஒங்களுக்கும் வராதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் சேந்து சொல்லிருவமா? வீடு யாருக்கும் வேணாம். போவட்டும்."

தங்கை புருஷன் இவ்வளவு நல்லவனாக இருப்பான் என்று நல்லசாமி எதிர்பார்க்கவில்லை. அதிலும் அர்ச்சுனன் முந்திக்கொண்டுவிட்டான்.

"சொல்லுவோம் மாப்பிள்ள" என்றான். "நீ மொதல்ல சொல்லு. பின்னாடியே நான் சொல்றேன்."

முதலாளி தமது பழைய காரில் வந்து இறங்கினார். ஸ்டேரிங்குக்கு நடுவில் தட்டு மாதிரி பெரிய ஆரன் வைத்த கார். இறங்குமுன் அவருடைய டிரைவர் அதை ஒரு தட்டுத் தட்டினான். களத்தில் நின்ற ஆடு, கோழி, கிராணி எல்லோரும் விலகினார்கள்.

"வண்டியில குறை ஏதும் உண்டாப்பா?" என்று முதலாளி கேட்டார்.

அர்ச்சுனன் முன்னால் வந்தான். ஆரன் வராததைச் சொன்னான், வைப்பர் வராததைச் சொன்னான், பால் வாளிப் பெண்ணைச் சொன்னான். "ஓட்றவன் கண்ணு ரோட்டுல இருக்கணும் முதலாளி. இதுல கண்ணு கண்ணாடியில இருக்கு. எனக்கு மட்டுமில்ல, மச்சானுக்கும் இதே கதிதான். கேட்டுப் பாருங்க."

எல்லோரும் நல்லசாமியைப் பார்த்தார்கள். பெண்கள் வரிசையில் ராக்கம்மா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் பஞ்சாலை நின்றாள். அண்ணன்மேல் அவள் வைத்திருந்த பார்வையில் சந்தேகமே இல்லை.

"எனக்கு ஒரு குறையும் இல்ல முதலாளி" என்றான் நல்லசாமி. "தொட்டா வருது."

மாயாண்டி வாயைத் திறந்தான். மண்டோர் வேலைக்குக் கொடுத்த காக்கித் தொப்பி தலையில் இருப்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

முதலாளிக்குச் சந்தோஷம். "இப்ப பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டும் ஒரே வண்டி. ஒருத்தன் குறைங்கிறான், ஒருத்தன் இல்லைங்கிறான். வண்டிய மாத்துறது லேசா, குறை சொல்றவன மாத்துறது லேசா? நம்ம கடையில அரிசி சரியில்லைன்னு ஒருத்தன் சொன்னா அரிசியவா மாத்துவோம்? அவன அடுத்த கடைக்குப் போகச் சொல்லுவோம். இதுக்கெல்லாம் லண்டன் படிப்பு வேணாம்ப்பா."

விசுவநாதன் முதல் ஆளாகக் கை தட்டினார்.

மோட்டார் சைக்கிளில் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற துரை திருநாவுக்கரசு, "முதலாளியும் ஒருதரம் இதுல ஏறிப் பாத்தா..." என்று இழுத்தார்.

"நானா?" முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "நான் தம்பின் டவுனுக்குப் போகணும்ப்பா. உண்மையாவே போகணும்."

நல்லசாமிக்குக் கல்வீடு கிடைத்தது. அர்ச்சுனனைக் காரிலிருந்து இறக்கிப் பால் லாரியில் போட்டார்கள். கீழத்தோட்டத்துக் காருக்கு ஒரு டிரைவர், ஒரு விரல் மண்டோர், ஒரு குடை, ஒரு சைக்கிள் நியமனமானது. பஞ்சாலை அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள்.

அதோடு நல்லசாமிக்கு எல்லாம் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, மழையில், அவன் வண்டி பாதை நடுவில் நின்றது. நாலு கண்ணாடியும் தாமாக இறங்கிவிட்டன. மாயாண்டியின் விரல் நனைந்துவிட்டதால் சட்டப்படி தொடக்கூடாது. குடைக்காரன் குடையைக் கண்ணாடிப் பலகைக்குப் பிடித்தான். வண்டியில் இருந்த மூன்று பேரும் நனைந்தார்கள். சைக்கிள்காரன் எங்கோ முன்னால் மணியடித்துக்கொண்டே போய்விட்டான்.

பின்னால் கணீரென்று ஒரு ஆரன் கேட்டது. பால் லாரி. அர்ச்சுனன் ஒரு கையால் ஸ்டேரிங்கைப் பிடித்து, மறுகையால் அவித்த கச்சான் கடலையை உரித்துத் தின்றுகொண்டு வந்தான். வைப்பர் இரண்டும் சளக் சளக் என்று ஆடின. ரோட்டைப் பார்த்தபடியே, சுண்டுவிரலால் ஒரு கம்பியைத் தட்டினான். அவை இன்னும் வேகமாக ஆடின. பக்கத்தில் பஞ்சாலை நனையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களைப் பார்ப்பதுபோல் அண்ணனை மரியாதையாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாரி தாண்டிப் போயிற்று.

கல்வீட்டுக்குள் பைப்பு இருந்தது. காத்தாடி இருந்தது. நல்லசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சுண்டுவெரல் புள்ள" என்றான். "சுண்டுவெரலால தட்றான். கண்ணு ரோட்ட விட்டு நகரல. அவனுக்குப் போயி அந்த லாரியக் குடுத்திருக்கானுங்க!"

மறுநாள் துரையிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "தொரை, தலைமை டிரைவருங்கற மொறையில, பால் லாரிய நான் ஓட்டினாத்தான் மரியாதையா இருக்கும்னு படுது."

துரை சுற்றுமுற்றும் பார்த்தார். "நானே அந்த லாரியில தொத்திக்கிட்டுப் போலாமான்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார்.

இரண்டு விருப்பங்களும் சிரம்பானுக்குப் போயின. விசுவநாதன் அன்று மத்தியானமே வந்து குதித்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஒளியை யாரும் பார்த்ததில்லை.

"தலைமை டிரைவர் பொறாமைப்படுகிறார். மானேஜரே பொறாமைப்படுகிறார். ஒரு பால் லாரியைப் பார்த்து!" என்றார். "தோட்ட மக்கள் மனத்தில் அந்த லாரி இவ்வளவு உயர்ந்த இடத்தைப் பிடித்த பிறகும் அதை நவீனமாக்காமல் வைத்திருந்தால் என்னைவிடப் பொறுப்பில்லாதவன் யார்?"

லாரி சிரம்பானுக்குப் போய்த் திரும்பியது. ஆரன் இருந்த இடத்தை மூடி வெல்டிங் வைத்திருந்தார்கள். வைப்பர் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில் கோயில் உண்டியல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது. புதுப் பொருளைக் கற்றுக்கொடுப்பது தலைமை டிரைவரின் கடமை என்பதால், நல்லசாமி ஏறி அர்ச்சுனனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். லாரி நகர்ந்தது.

அர்ச்சுனன் அவனோடு பேசவில்லை. வளைவில் பால் வாளிப் பெண்கள் வந்தார்கள். அர்ச்சுனனின் விரல் கண்ணாடியைத் தடவியது. விசிறி வந்தது. மீன் முள் வந்தது. லாரிக்குச் சாயும் நாற்காலி கிடையாது என்றாலும் அந்தப் படமும் வந்தது. பெண்கள் லாரி இரைச்சலைக் கேட்டுத் தாமாகவே காட்டுக்குள் இறங்கிக்கொண்டார்கள். இப்போதெல்லாம் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவர்கள் இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்தில் சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்ச்சி வளர்ந்துவிட்டது என்று விசுவநாதன் அடுத்த கூட்டத்தில் குறிப்பிட்டார்.

"எங்க மச்சான் இருக்கு, ஆரன்?" அர்ச்சுனன் கடைசியில் கேட்டுவிட்டான். கண் கலங்கியிருந்தது. "எந்தப் பக்கத்துல?"

நல்லசாமிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் மனசில் ஒரு கசப்பும் இல்லை. தங்கை புருஷனின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"எனக்கும் தெரியாது மாப்பிள்ள" என்றான். "ஞாயித்துக்கெழம தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. கோழியடிச்சுக் கொழம்பு வைக்கச் சொல்றேன்."